சேலத்தில் கள்ளுக்கடைகளை மூடியவர்: ராஜாஜியின் வாழ்வில் நமக்கொரு கணக்கு

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் நாம் முதலில் தேடுவது காரணத்தை. பரம்பரை என்கிறோம். வேலைப் பளு என்கிறோம். கலப்பட எண்ணெய், உரம் போட்ட காய்கறி, கறிக்கோழி, சரியாகப் பார்க்காத மருத்துவர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் நம்முடைய பெயரை மட்டும் நாம் எழுதுவதில்லை.

உடல்நலத்தில் தனக்குள்ள பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று யோசித்தபோது, சேலம், நாமக்கல் பகுதி மக்களுக்கு நன்கு தெரிந்த ஒருவருடைய வாழ்க்கை நம் நினைவுக்கு வந்தது. அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. மூதறிஞர் ராஜாஜி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அரசியலில் அவரோடு நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு. 1937-ல் முதல் முறை ஆட்சிக்கு வந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முயன்றார். 1953-ல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று பெயர் வாங்கி, அவர் பதவி விலகக் காரணமானது. இவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் குடி என்னும் நோயை அவர் எதிர்கொண்ட விதத்திலும், நோஞ்சான் உடம்பை வைத்துக்கொண்டு 94 வயது வரை வாழ்ந்த விதத்திலும் நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது.

சேலத்து வக்கீல்

ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்தார். அன்று ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தகப்பனார் அந்தக் கிராமத்தின் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-ல் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே கிரிமினல் வழக்குகளில் பெயர் பெற்ற வக்கீல் ஆகிவிட்டார். கை நிறைய வருமானம் வந்தது.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். தண்ணீர்த் தட்டுப்பாடு மிகுந்த ஊர் சேலம். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பணியாளர் அக்ரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலையில் அமர்த்தப்பட்டபோது, அவர் கை பட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று அந்தத் தெருக்காரர்கள் எதிர்த்தார்கள். ராஜாஜியும் அதே வகுப்பில் பிறந்தவர்தான். ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. வேண்டுமானால் குடியுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள் என்ற நிலையிலேயே நின்றார். சில நாளில் எதிர்ப்பு அடங்கியது.

இந்தப் பேருக்கும் புகழுக்கும் நடுவே வீட்டில் பெரிய சோதனை இருந்தது. முப்பதுகளின் இறுதியிலேயே மனைவி அலமேலு மங்கம்மாவை இழந்தார். மூன்று ஆண், இரண்டு பெண் என்று ஐந்து பிள்ளைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இதோடு ஆஸ்துமாவும் சேர்ந்துகொண்டது. இன்றுபோல் பையில் போட்டுக்கொண்டு போகும் இன்ஹேலர் அன்று கிடையாது. மூச்சிரைப்பு வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்தே விடிய வேண்டியதுதான். உடம்பும் ஒல்லி. கண் பார்வையும் சரியில்லை. கறுப்புக் கண்ணாடி அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது.

இந்த நோய் அவர் செய்த தவறால் வந்ததல்ல. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். நோயாளியைப் பார்த்து உன்னால்தான் உனக்கு வந்தது என்று குத்திக்காட்டுவதற்காக இந்தக் கட்டுரையை நாம் எழுதவில்லை. எந்த நோய் யாருக்கு வரும் என்பது பல நேரங்களில் நம் கையில் இல்லை. வந்த பிறகு எப்படி வாழ்கிறோம் என்பதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. ராஜாஜியின் வாழ்க்கை இந்த இரண்டாவது பங்கைப் பற்றியது.

சிறையில் எழுதிய நாட்குறிப்பு

ஒத்துழையாமை இயக்கமும் கிலாஃபத் இயக்கமும் கைகோத்து நடந்த காலத்தில் ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் கைதாகி, மூன்று மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அங்கே நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதினார். பிறகு அது நூலாகவும் வந்தது.

ஒரு தலைவர் சிறையில் எழுதிய குறிப்பு என்றால் அரசியல்தான் நிறைந்திருக்கும் என்று நினைப்போம். அதில் உடம்பின் கணக்கும் இருக்கிறது. ஆஸ்துமா எப்போது வந்தது, எப்படிக் கழிந்தது, சாப்பாடு எப்படி இருந்தது, மனம் எப்படி இருந்தது என்றெல்லாம் தன்னைத்தானே பார்த்து எழுதிக்கொண்டார். யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் மனைவியும் இல்லை. ஆனாலும் எழுதினார்.

நம் மார்க்கத்தில் இதற்கு முஹாஸபா என்று பெயர். மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன்பு நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்வது. தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றில் முஹாஸபா செய்யச் சொல்லி ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். உடம்பும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்துதான் என்பதையும் கேட்டிருக்கிறோம். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் பெரும்பாலான மக்கள் ஏமாந்துபோகும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் நமக்குத் தெரியும். தெரிந்தும், கடையின் வரவு செலவுக்கு வைத்திருக்கும் நோட்டைப்போல் உடம்புக்கு ஒரு நோட்டு நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

புதுப்பாளையத்துக் குடிசை

1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் அன்று ஒரே காரியத்தில் தோழர்கள்.

நகரத்தில் வசதியாக இருந்த வக்கீல், தம் பிள்ளைகளோடு மின்சாரம் இல்லாத ஒரு குடிசைக்குக் குடிவந்தார். மழை பொய்த்துப்போகும் வறண்ட பூமி அது. பஞ்ச காலத்தில் கிராமத்துப் பெண்களுக்கு நூல் நூற்கும் வேலை கொடுத்து, கூலி கொடுத்தது ஆசிரமம். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் அங்கே இருந்தது.

மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தாலும் ஏழைக் குடும்பங்கள் எழுந்து நிற்கவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நூல் நூற்றுப் பெண்கள் கொண்டுபோகும் கூலியும், காட்டு வேலைக்குப் போய் ஆண்கள் வாங்கும் கூலியும் மாலையில் கள்ளுக்கடைக்குப் போயின. சேலம் மாவட்டம் முழுக்கப் பனையும் தென்னையும் நின்றன. கள்ளும் சாராயமும் ஏலம் விட்டு அரசாங்கம் சம்பாதித்தது. குடித்துவிட்டு வந்த புருஷனுக்குப் பயந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லாமல் நின்ற பெண்களை ராஜாஜி அந்தக் கிராமங்களில் தினமும் பார்த்தார். கஞ்சியில்லாத வயிற்றுக்கு மருந்து கொடுத்து என்ன பயன்?

மரத்தை வெட்டியவரும் பத்திரிகை நடத்தியவரும்

குடிக்கு எதிரான இயக்கத்தில் சேலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1920-களின் தொடக்கத்தில், காங்கிரஸில் இருந்த பெரியார், சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் இருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று வெட்டிச் சாய்த்தார். மரத்தை வெட்டியது சரியா தவறா என்று வாதம் செய்யலாம். ஆனால் ஊரைத் திருத்துவதற்கு முன்னால் தம் வருமானத்தில் கைவைத்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ராஜாஜி எடுத்த வழி வேறு. ஊர் ஊராகப் போனார். குடிப்பவர்களை உட்காரவைத்துப் பேசினார். அவர்களை மிருகங்களாகவோ பாவிகளாகவோ அவர் பார்க்கவில்லை. குடி ஒருவனின் பணத்தை மட்டுமல்ல, வேண்டாம் என்று சொல்லும் சக்தியையே கொண்டுபோய்விடுகிறது என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார். அதனால் கிராமமே சேர்ந்து குடியை விட வேண்டும், விட்டவனுக்கு ஊர் துணை நிற்க வேண்டும் என்று வேலை செய்தார்.

1929-ல் ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஒரு தமிழ்ப் பத்திரிகை. ராஜாஜி ஆசிரியர். அவருக்குத் துணையாக இருந்து எழுதிய இளைஞர் கிருஷ்ணமூர்த்தி. பின்னால் கல்கி என்ற பெயரில் தமிழ்நாடே கொண்டாடிய எழுத்தாளர். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று கதைகளும் படங்களும் போட்டார்கள். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் வந்ததும் இதழ் நின்றுபோனது. குடி ஒரு குடும்பத்தை எப்படித் தின்கிறது என்று ராஜாஜி எழுதிய 'திக்கற்ற பார்வதி' கதை, அவர் மறைவுக்குப் பிறகு திரைப்படமாகவும் வந்தது.

1937 அக்டோபர் 1

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்று முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். அந்த அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கவனித்தவர் யாகூப் ஹசன் சேட். பதவியேற்று மூன்று மாதம் முடிவதற்குள், 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் சேர்ந்த பெரிய மாவட்டம் அது. ஒரே நாளில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன.

முதலில் சேலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்த மண்ணில் அவர் ஏற்கெனவே பல ஆண்டு உழைத்திருந்ததுதான். சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பிருந்தே கிராமங்களில் பேச்சு நடந்திருந்தது. கடையை மூடியதோடு நிறுத்திவிடவும் இல்லை. மாலையில் கள்ளுக்கடைக்குப் போய்ப் பழகிய கால்கள் வேறு எங்கே போகும் என்று யோசித்தார்கள். தேநீர்க் கடைகளுக்கு ஊக்கம் கொடுத்தார்கள். கிராமங்களில் விளையாட்டு, கூத்து, பஜனை என்று மாலை நேரத்தை நிரப்பினார்கள். மரம் ஏறும் தொழிலாளிகளுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்தார்கள். ஒரு கெட்ட பழக்கத்தை எடுத்த இடத்தைக் காலியாக விட்டால் அது திரும்பி வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் சேலத்தில் நடந்ததை ஆய்வு செய்து அறிக்கை தந்தார். குடிக்குப் போன காசு சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் திரும்பியதும், கடன் வாங்குவது குறைந்ததும், வீட்டில் சண்டை குறைந்ததும் தெரியவந்தன. கூலி கூடவில்லை, புதிய ஆஸ்பத்திரியும் கட்டவில்லை. அதே கூலியில் பிள்ளைகளின் தட்டில் சோறு கூடியது.

அடுத்த இரண்டு ஆண்டில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு விரிந்தது. மது வருமானம் அரசுக்குப் பெரிய வருமானம் என்பதால், அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார் ராஜாஜி. இந்தியாவில் இதுவே முதல் பொது விற்பனை வரி. இன்று நம் கடைக்காரர்கள் கட்டும் ஜிஎஸ்டியின் தாத்தா என்று சொல்லலாம். வியாபாரிகள் அன்று கடுமையாக எதிர்த்தார்கள். குடிகாரனின் பிள்ளைக்குச் சேர வேண்டிய காசில் அரசாங்கம் நடத்துவதைவிட எல்லோரும் கொஞ்சம் வரி கட்டுவது மேல் என்பது அவர் கணக்கு.

சட்டம் மூடிய கடை, மனம் மூடிய வாய்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கை ஆங்கிலேய நிர்வாகம் நிறுத்திவைத்தது. கடைகள் மீண்டும் திறந்தன. குடியை விட்டிருந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். நாடு விடுதலை பெற்றபின் 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. கள்ளச்சாராயமும் கூடவே வந்தது. அமெரிக்காவிலும் 1920-ல் நாடு முழுக்க மதுவிலக்குக் கொண்டுவந்து, கள்ளச் சந்தையைக் கட்டுப்படுத்த முடியாமல் 1933-ல் எடுத்துவிட்டார்கள்.

சட்டம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சேலத்தில் கடை மூடிய அந்தச் சில ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அதற்காக மட்டுமே கூட அந்தச் சட்டம் நியாயமானது. ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். கை நீட்டுவதை நிறுத்த உள்ளிருந்து ஒருவர் வேண்டும்.

மதீனாவில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை. முதலில் அதில் நன்மையைவிடத் தீமை பெரிது என்று அல்லாஹ் உணர்த்தினான். அடுத்து, போதையோடு தொழுகைக்கு வராதீர்கள் என்று தடுத்தான். கடைசியாக முற்றாக விலக்கினான். அந்த இறுதிக் கட்டளையை அறிவிப்பாளர் வீதியில் சொல்லிக்கொண்டு போனபோது, குடித்துக்கொண்டிருந்தவர்களே அதைக் கொட்டினார்கள். வாசலில் போலீஸ் நிற்கவில்லை. அபராதம் இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஈமான் முதலில் வேர் பிடித்திருந்தது; சட்டம் வந்தபோது மனம் தயாராக இருந்தது.

சேலத்தில் ராஜாஜி செய்ய முயன்றதும் ஏறக்குறைய இதே வரிசைதான். முதலில் மனம், பிறகு ஊர், அதன் பிறகு சட்டம். மனம் மாறிய இடத்தில் பலன் நின்றது. மனம் மாறாத இடத்தில் கடை திறந்த அன்றே போய்விட்டது.

நோஞ்சான் உடம்பின் நீண்ட பயணம்

ராஜாஜி தம் உடம்பை எப்படி நடத்தினார் என்பதையும் பார்ப்போம்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம் தொடங்கியது. சுமார் 150 மைல். கோடை வெயில். உடன் வந்த நூறு தொண்டர்களில் பலர் இளைஞர்கள். முன்னால் நடந்தவருக்கு வயது 51, கூடவே ஆஸ்துமா. பதினைந்து நாள் நடந்து வேதாரண்யம் சேர்ந்தார். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார்.

1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். டெல்லி மாளிகையின் விருந்து மேசைகள் அவருடைய சைவ உணவையும் எளிமையையும் மாற்றவில்லை. கதர் வேட்டி, துண்டு, கைத்தடி என்று புதுப்பாளையத்தில் இருந்தவர் அங்கும் அப்படியே இருந்தார். வசதி வந்ததும் முதலில் கெட்டுப்போவது சாப்பாட்டுப் பழக்கம்தான் என்பதை வளைகுடாவிலிருந்து திரும்பிய நம் சகோதரர்கள் பலரைப் பார்த்தே நாம் தெரிந்துகொள்ளலாம். அந்த வலையில் அவர் விழவில்லை.

1962 செப்டம்பரில், 83 வயதில், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி அமெரிக்க அதிபர் கென்னடியைப் பார்க்க வாஷிங்டன் போனார். மேலை நாட்டுக்கு அவர் போன முதல் பயணமே அதுதான்.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தள்ளிவைக்க அரசு முடிவு செய்தபோது அவருக்கு 92 வயது. மழை பெய்துகொண்டிருந்தபோதும் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை. சேலத்தில் 1937-ல் தொடங்கிய வேலை தம் கண் முன்னாலேயே கலைவதைப் பார்த்துவிட்டு, 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் இறந்தார்.

அவர் தோற்றார் என்று சொல்லலாம். சட்டத்தில் தோற்றார் என்பது உண்மை. ஆனால் இளமையிலேயே மூச்சு விடச் சிரமப்பட்ட ஒருவர், 92 வயதில் மழையில் இன்னொருவர் வீட்டுப் படியேறி அடுத்தவர் பிள்ளைகளுக்காக மன்றாட முடிந்தது என்றால், அந்த உடம்பை அவர் எவ்வளவு கணக்காகச் செலவழித்திருக்க வேண்டும்! நீண்ட ஆயுள் அல்லாஹ் நாடியது. அந்த ஆயுளின் கடைசி வரை பிறருக்குப் பயன்படும் நிலையில் உடம்பை வைத்திருந்ததில் அவருடைய ஒழுங்குக்கும் பங்குண்டு.

நாம் பார்க்க வேண்டிய கணக்கு

இன்று சேலம், நாமக்கல் சமவெளி மாறிவிட்டது. புதுப்பாளையம் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ரிக் லாரிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியா முழுக்கப் போகின்றன. நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும் பெருகிவிட்டன. நம் சகோதரர்கள் பலர் லாரி ஓட்டுகிறார்கள், பட்டறையில் வேலை செய்கிறார்கள், கறிக்கடை, பிரியாணிக் கடை, துணிக்கடை நடத்துகிறார்கள். உட்கார்ந்தே செய்யும் வேலை, நேரம் தவறிய சாப்பாடு, இரவு விழிப்பு.

மது நமக்கு ஹராம். அல்ஹம்துலில்லாஹ், நம் வீடுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து காப்பாற்றப்பட்டிருக்கின்றன. எல்லா வீடும் அல்ல. நம் பிள்ளைகளிலும் மறைவாகக் குடிப்பவர்கள் உண்டு என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் அறிவார்கள். மானம் போய்விடும் என்று மூடி மறைப்பதால் அந்தப் பிள்ளைக்கு மருத்துவ உதவி தாமதமாகிறது. ராஜாஜி செய்ததுபோல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும், குடிநோய் மருத்துவரிடம் அழைத்துப்போவதும், மாலை நேரத்தை வேறு நல்ல காரியத்தால் நிரப்புவதும் குடும்பத்தின் கடமை.

குடிக்காதவர்களான நாமும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பள்ளிவாசலுக்கு இரண்டு தெருவுக்கும் பைக். இஷா தொழுதுவிட்டு வந்து பதினொரு மணிக்குப் பரோட்டா. டீக்கடை வாசலில் சிகரெட். வாயில் ஒதுக்கிய ஹான்ஸ். மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியும் வாங்காத அலட்சியம். மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பயந்து தள்ளிப்போடுவது. வீட்டுப் பெண்களோ எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு, தம் மூட்டு வலியையும் தலைசுற்றலையும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப்போவதும் ஆண்களின் கணக்கில் வரும்.

என்னால் வாயைக் கட்ட முடியாது என்று நாம் சொல்வது உண்மையல்ல. ரமலானில் சித்திரை வெயிலிலும் ஹலாலான தண்ணீரையே பதினான்கு மணி நேரம் தொடாமல் இருந்தவர்கள் நாம். யாரும் பார்க்காத அறையிலும் ஒரு வாய் குடித்ததில்லை. அந்தச் சக்தியை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். மஃரிப் பாங்கு சொன்னதும் சமோசாவிலும் சர்பத்திலும் அதைத் தொலைத்துவிடுகிறோம். மீதிப் பதினொரு மாதத்தில் அதைத் தேடுவதும் இல்லை.

நாம் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு சிறு நோட்டு போதும். படுக்கும் முன் ஐந்து நிமிடம். இன்று எவ்வளவு நடந்தேன், எத்தனை டீ குடித்தேன், மாத்திரை போட்டேனா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன். வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கும்போது மட்டும் எடுத்துப்போனால் அவருக்கும் உதவியாக இருக்கும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தாலே நம் குற்றச்சாட்டுப் பட்டியலில் விடுபட்டிருந்த பெயர் எது என்பது தெரிந்துவிடும்.

தனியாக முடியாதவர்கள் துணை சேர்த்துக்கொள்ளலாம். ஃபஜ்ர் தொழுதுவிட்டு நான்கு பேர் சேர்ந்து நடக்கலாம். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம். நிக்காஹ் விருந்துகளில் இனிப்பைக் குறைக்க ஜமாஅத்தே முடிவெடுக்கலாம். ஊர் சேர்ந்தால் தனிமனிதனுக்கு எளிதாகிறது என்பதுதான் சேலத்துக் கிராமங்கள் அன்று காட்டிய வழி.

வாழ்நாளை எதில் கழித்தாய், இளமையை எதில் செலவிட்டாய் என்று மறுமையில் கேட்கப்படாமல் அடியானின் பாதங்கள் நகராது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பரம்பரையையும், கடைச் சாப்பாட்டையும், மருத்துவரையும் காட்டித் தப்பிக்க வழி இருக்காது. நோயைத் தருபவனும் ஷிஃபாவைத் தருபவனும் அல்லாஹ் ஒருவனே. நம் பங்கை நாம் செய்துவிட்டு அவனிடம் கையேந்துவோம். இன்றிரவே அந்த நோட்டைத் திறப்போம், இன்ஷா அல்லாஹ்.